அட்வான்ஸ்

கபஷீத்தோவில் ரயில் பாதையை ஒட்டிய அந்த வீட்டை
நான் வாங்கியபோது
உள்ளே எவரிஸ்தோ இருந்தார்.
விற்றவர் சாவிக்கொத்தோடு சேர்த்தே அவரையும் கொடுத்தார்:
"நல்ல ஆள். பத்தாம் தேதிக்குள் கட்டிவிடுவார்."

ஏழாவது மாடி. நாற்பத்தோரு சதுர மீட்டர்.
சமையலறை ஜன்னல் காற்றுக்குழியைப் பார்க்கும்.
நான் ஜன்னலைப் பார்க்கவில்லை.
வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி
விலையால் வகுத்தேன்.
ஐந்து புள்ளி இரண்டு விழுக்காடு.
என் கணவர் என்னைப் பார்த்துச் சொன்ன எதுவும்
அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

புது ஒப்பந்தம், புது அட்வான்ஸ்:
ஒரு மாத வாடகை, பெசோவில்.
அன்றைக்கு அது ஒரு ஃப்ரிட்ஜின் விலை.

எவரிஸ்தோ நாற்காலிகளுக்கு மெத்தை தைப்பவர்.
வாயில் ஆணிகளை வைத்துக்கொண்டே பேசுவார்,
ஒன்றுகூடக் கீழே விழாது.
நான்கு மாதத்துக்கொரு முறை
புது வாடகையைத் தாளில் எழிதி நீட்டுவேன்.
"ஏற்றியது நானில்லை, விலைவாசி" என்பேன்.
"எல்லாம் ஏறுகிறது, சென்யோரா,
லிஃப்டைத் தவிர" என்பார்.

ஒரு குளிர்காலத்தில்
கேட்காமல் கொள்ளாமல்
கூடத்தின் ஒரு சுவர் முழுக்க அலமாரி அடித்திருந்தார்.
தேக்குமில்லை, ஒன்றுமில்லை,
யாரோ வீசிய கட்டில்களின் பலகை.
இழைத்து இழைத்து அதைத் தேன் நிறமாக்கியிருந்தார்.
பதினான்காம் ஷரத்தை எடுத்துக் காட்டினேன்:
சுவரில் பதித்தது எதுவும் உரிமையாளருக்கே,
ஈடு கோர முடியாது.
தலையாட்டினார். வாயில் ஆணி.

விற்பதென்று முடிவானதும் தரகர் காசிமிரா வந்தாள்.
அலமாரியைத் தடவிப் பார்த்தாள்.
விளம்பரத்தின் முதல் வரி அதுதான் என்றாள்.
இரண்டாயிரம் டாலர் கூடுதலாகப் போனது.

வங்கியின் பின்னறையில் ஜன்னல் கிடையாது.
பத்திரத்தை எழுத்தர் மூச்சுவிடாமல் வாசித்தார்,
"லெயோகாதியா பிரெஸ்ஸான், விதவை, விற்பவர்" என்று
யாரையோ சொல்வதுபோல.
வாங்கியவர் நெயுகேனிலிருந்து வந்த பல் மருத்துவர்.
காலுறையிலிருந்து, தொப்பி அட்டையிலிருந்து,
கட்டுக் கட்டாக டாலரை எடுத்து வைத்தார்.
அந்துருண்டை வாசனை.
என் பணத்திலும் அதே வாசனைதான்.
படத்திலிருப்பவரின் தலை சிறுத்த பழைய நோட்டுகளை
நான் ஒதுக்கித் தள்ளினேன்;
அவர் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்.
எந்திரம் எண்ணிக்கொண்டிருக்கையில்
குனிந்து கேட்டார்:
"மாதம் என்ன வாடகை போகும்?"
ஜன்னலைப் பற்றிக் கேட்கவில்லை.

பத்து நாள் முன்னால் நடந்ததைச்
சொல்லாமலே தாண்டிவிடப் பார்க்கிறேன்.

எவரிஸ்தோ காலி செய்த காலை.
சுவரில் ஒரு கீறல் இல்லை, அடுப்பில் ஒரு கறை இல்லை.
அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன்.
எண் அதே எண்தான்.
ஒரு பெசோ பிடிக்கவில்லை.
ஒப்பந்தம் எண்ணைத்தான் சொல்கிறது,
ஃப்ரிட்ஜைச் சொல்லவில்லை.
இன்றைக்கு அதில்
அரைக் கிலோ மாத்தே இலை வரும்,
மிச்சத்துக்கு இரண்டு பன்.

ரசீதை நீட்டினேன்.
"முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று
சத்தமாக வாசித்தார்.
இன்னொரு முறை வாசித்தார்.
கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரம் லிஃப்ட் ஓடியது.
வாங்குபவர்கள் வந்து பார்க்க வேண்டுமே,
பழுது பார்த்திருந்தோம்.
தையல் எந்திரத்தை அதில் தனியாக ஏற்றி
பொத்தானை அழுத்திவிட்டு
அவர் படியில் இறங்கினார்.

நான் மேலே நின்று
ஃப்ளோரெஸில் பார்த்து வைத்த அடுத்த வீட்டின் வாடகையைப்
பன்னிரண்டால் பெருக்கத் தொடங்கினேன்.
நடுவில் அவர் காலடிகள் கணக்கில் கலந்தன.
மறுபடி முதலிலிருந்து.
மறுபடியும்.
ஏழு மாடி இறங்க
ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரமாகும்?